முள் தைத்த காலும் தந்தையாரின் இருதயமும்

சென்ற மாதம் நமது பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை நான் பலமுறை படித்தேன். எழுதியவர் ஒரு சகோதரி. அவருடைய தந்தையார் நெடுங்காலம் சலரோகத்தால் வருந்தியவர். குதிக்காலில் முள் தைத்த இடம் சீழ்கட்டி, நடுக்கற் காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் அறிவு தடுமாறிய நிலையிலேயே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாள் இருந்து காலமானார். "இரத்தத்தில் ட்ரோபோனின் கூடியிருக்கிறது, இருதயமும் தாக்கப்பட்டுவிட்டது" என்று அங்கே கூறினார்களாம். "அப்படியாயின் அது மாரடைப்பல்லவா? இருதய வைத்தியசாலைக்கு மாற்றி அடைப்பை எடுப்பித்திருந்தால் ஐயா பிழைத்திருப்பாரே!" என்று மனம் நொந்த தமையனார், இன்றுவரை தாயாரோடும் தங்கையோடும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. "நாங்கள் பிழை செய்தோமா, டொக்டர்?" என்பது சகோதரியின் வினா.

நோயாளரைக் கண்ணாற் காணாத நான் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. ஆயினும் தமையனாரின் மனத்தில் முள்ளாய்த் தைத்திருக்கும் அந்த ஒரு சொல்லின் பொருளை விளக்கலாம்.

ட்ரோபோனின் என்பது இருதயத் தசைநாரினுள் இருந்து, அது சுருங்கி விரிவதற்குத் துணைபுரியும் ஒரு புரதம். ஜப்பானிய விஞ்ஞானி எபாஷி 1960களில் தசைகளை ஆராய்ந்தபோது கண்டறிந்தது. தசைக்குச் சேதம் நேர்ந்தால் இப்புரதம் இரத்தத்திற் கசியும். மாரடைப்பில் அது கூடுவது இதனாலேதான். ஆனால் வேலி முறிந்து கிடக்கிறது என்று மட்டுமே இப்பரிசோதனை சொல்லும். முறித்தது மாடா, காற்றா என்று சொல்லாது.

உங்கள் தந்தையாருக்கு நேர்ந்ததாக நீங்கள் எழுதியிருப்பது ஸெப்ஸிஸ் என்னும் நிலை. கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் சக்தி கட்டுமீறி, உடலின் உறுப்புகளையே தாக்குவது அது. இரத்தக் குழாய்கள் தளர்ந்து அமுக்கம் வீழ்கிறது. இருதயமோ குறைந்த இரத்தத்தைக் கொண்டு இருமடங்கு விரைந்து ஓடவேண்டியதாகிறது. அழற்சியில் உண்டாகும் பொருள்கள் இருதயத் தசையையும் நேரே சோர்வுறச் செய்கின்றன. சிறுநீரகமும் தளர்ந்தால் ட்ரோபோனின் வெளியேறத் தாமதமாகிறது. முடியுருக் குழாயில் அடைப்பு எதுவுமின்றியே ஸெப்ஸிஸ் நோயாளர் பலரில் அது கூடியிருப்பதன் காரணம் இதுவே.

பீ.என்.பீ. என்று இன்னொரு பரிசோதனையும் உண்டு. 1988ஆம் ஆண்டிற் பன்றியின் மூளையிலிருந்து முதலிற் பிரித்தெடுத்தமையால் மூளையின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அதைப் பெரிதும் சுரப்பது இருதயத்தின் கீழறைகளே என்பது பின்னரே தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை! அறைச்சுவர் இழுபட்டால் அது கூடும். ஸெப்ஸிஸ் நோயாளரில் இவ்விரண்டும் மிகக் கூடியிருந்தால் நோய் கடுமையானது என்று வைத்தியர் விழிப்படைவர். அதற்குமேல், ஈ.ஸி.ஜி.யைப் பார்த்தும், எக்கோ எடுத்தும், சில மணி நேரத்தின் பின் ட்ரோபோனினை மீண்டும் அளந்துமே மாரடைப்பா அன்றா எனத் தீர்மானிப்பர்.

1984இல் அமெரிக்காவிற் பார்க்கர், பரில்லோ முதலிய வைத்தியர்கள் ஸெப்ஸிஸ் அதிர்ச்சிக்கு ஆளான 20 பேரை ஆராய்ந்தனர். பிழைத்த 13 பேரில் 10 பேருக்கு, கீழறையிலிருந்து ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தின் பங்கு ஆரம்பத்தில் நூற்றுக்கு நாற்பதிலும் குறைந்திருந்தது. பத்து நாட்களுக்குள் அது வழமைக்குத் திரும்பியது. அடைபட்ட குழாயைத் திறந்ததால் வந்த சுகமன்று அது. தொற்றுத் தணிய, இருதயமும் தேறியது.

ஆகையால் இத்தகைய நோயாளரின் இருதயத்தைக் காப்பது பெரும்பாலும் தொற்றை ஒடுக்குவதே: தாமதமின்றி நுண்ணுயிர்கொல்லி மருந்து, சீழை வெட்டி வடித்தல், அளவறிந்து சேலைன், நோரட்ரீனலின் கொடுத்துச் சராசரி இரத்த அமுக்கத்தை 65க்குக் குறையாது நிறுத்துதல். இருதயத்தைத் தூண்டும் லெவோசிமென்டான் என்னும் மருந்தை 516 பேரிற் பரீட்சித்த ஆய்வொன்று 2016இல் வெளியாயிற்று; அதனாற் பயன் காணப்படவில்லை. அமுக்கம் வீழ்ந்து கிடப்பவரை அம்புலன்ஸ் வண்டியில் ஏற்றுவதோ ஆபத்து. அஞ்சியோகிராம் சாயம் தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் வருத்தக்கூடும்; இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் மருந்தோ இரத்தப் பெருக்கை உண்டாக்கலாம். மாரடைப்பென்று உறுதிப்படாதவரை வைத்தியர் தயங்குவது இவற்றினாலேயே. இப்பகுதியைத் தமையனாரிடம் கொடுங்கள், சகோதரி.

முதல் மூன்று நாட்கள் வீணாயின என்பதை நான் மறைத்தால் அது நேர்மையான பதிலாகாது. ஆனால் சலரோகக்காரரின் பாதம் பல வேளைகளில் நோவை உணர்வதில்லை. ஐயாவே அப்புண்ணைப் பொருட்படுத்தவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவர் அறியாததை வீட்டார் எவ்வாறு அறிவர்?

தாயாருக்கும் சலரோகம் என்கிறீர்கள். ஒவ்வோர் இரவும் அவருடைய உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் விளக்கொளியிற் பாருங்கள். காய்ச்சலுடன் மூச்சு விரைந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அந்நேரமே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அங்கே சலரோகத்தையும் காற்புண்ணையும் முதலிலேயே சொல்லுங்கள்.