பேட்டரிக்கு ஒரு நியாயம், ரேடியேட்டருக்கு ஒரு நியாயமா?

ஓசூர், சூளகிரி பக்கம் எந்த லாரிப் பட்டறைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்வார்கள்? கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்து ஊற்றுவார்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் பேட்டரி போய்விடும் என்று கிளீனர் பையனுக்குக்கூடத் தெரியும். அதே லாரியில் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்தால்? டீக்கடை டிரம்மிலிருந்து ஒரு பக்கெட். அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிடும்.

சில ஆயிரம் ரூபாய் பேட்டரிக்குக் கிடைக்கும் மரியாதை, சில லட்ச ரூபாய் எஞ்சினுக்குக் கிடைப்பதில்லை. "லாரி ரேடியேட்டரைப் பற்றி காமர்ஸ் மாணவர்கள் எதற்குப் படிக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது பாதி கெமிஸ்ட்ரி, மீதிப் பாதி அக்கவுன்ட்ஸ் :-)

முதலில் இந்த ஊர் ரோட்டைப் பார்ப்போம். சென்னையிலிருந்து வரும் ரோடும் சேலத்திலிருந்து வரும் ரோடும் கிருஷ்ணகிரியில் சேர்ந்துதான் பெங்களூருக்குப் போகின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சேலம் பக்கமிருந்து வருகிற வண்டி அதற்கு முன்பே தொப்பூர் கணவாயையும் ஏறியிருக்கும். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் போய் நடக்கும் விபத்துகள் பேப்பரில் வருகின்றன. ஏற்றத்தில் எஞ்சின் படும் பாடு எந்தப் பேப்பரிலும் வராது.

ஏறி முடித்தால் ஜூஜூவாடி, அத்திப்பள்ளி எல்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன. நெரிசல் மட்டும் போகவில்லை. முழு லோடோடு ஊர்ந்து போகும்போது முன்னாலிருந்து காற்று வந்து மோதாது. ரேடியேட்டருக்கு ஃபேன் மட்டும்தான் துணை.

அடுத்தது தண்ணீர். குடிநீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகவே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-ல் தொடங்கப்பட்டது. ஃபுளோரைடு ரேடியேட்டரின் பிரச்சினை அல்ல. ஆனால் இந்தப் பக்கத்துப் பாறைக்கு அடியிலிருந்து வரும் போர்வெல் தண்ணீர் எதையெல்லாம் கரைத்துக்கொண்டு வருகிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. வீட்டில் வாட்டர் ஹீட்டர் ராடில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு உள்ளேயே தங்கும். மறுபடி ஒரு பக்கெட், மறுபடி கொஞ்சம் உப்பு. இப்படியே போனால் ரேடியேட்டர் ஒரு குட்டி உப்பளம்தான்.

"கூலன்ட் எல்லாம் காஷ்மீர் போகிற வண்டிக்கு, நமக்கு எதற்கு?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். உறையாமல் காப்பது கூலன்டின் ஒரு வேலை மட்டுமே. எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. அது நமக்குத் தேவையில்லைதான். ஆனால் அதே கலவை கொதிக்கும் நிலையையும் மேலே தள்ளுகிறது. ஓசூர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி பிரஷரைப் பிடித்து வைத்திருப்பதால்தான் வண்டி தப்பிக்கிறது. மூடியின் ரப்பர் போய்விட்டால், வெறும் தண்ணீர் ஓட்டும் வண்டி மேலுமலை ஏற்றத்திலேயே நின்றுவிடும்.

கூலன்டின் மூன்றாவது வேலையைத்தான் யாரும் பேசுவதில்லை. அது துருவைத் தடுப்பது. கேனில் வருவது வெறும் கிளைக்கால் அல்ல, இரும்பையும் அலுமினியத்தையும் காக்கும் ரசாயனங்களும் அதில் கலந்திருக்கின்றன. அவை ஓட ஓடத் தீர்ந்துபோகும். நிறம் மட்டும் அப்படியே இருக்கும்! "பச்சையா இருக்குதே, அப்புறம் என்ன?" என்பது டெஸ்ட் அல்ல. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனி சேர்க்கும் சாயம். உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்பதை நிறம் சொல்லாது.

அப்படியானால் எது டெஸ்ட்? மூன்று விஷயங்கள் போதும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் தொடங்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்து முகமும் கையும் வெந்தவர்கள் இந்தத் தொழிலில் நிறைய.

முதலாவது, கண். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பது. செம்மண் நிறம் என்றால் துரு. மேலே எண்ணெய் மிதந்தால் ஆயில் கூலரோ ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கலாம். கொழகொழவென்று இருந்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு வகைக் கூலன்ட்டைக் கலந்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டும். (பார்த்து முடித்த டம்ளரைத் தூக்கி எறிந்துவிடுங்கள். கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். பழைய கூலன்ட்டைத் தரையில் கொட்டினால் நாயும் மாடும் நக்கும்.)

இரண்டாவது, ரிஃப்ராக்டோமீட்டர். கையடக்கக் கருவி. முதலில் டிஸ்டில்டு வாட்டர் விட்டுப் பூஜ்யம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு சொட்டு கூலன்ட் விட்டு வெளிச்சத்தைப் பார்த்தால் கிளைக்கால் எவ்வளவு என்று ஸ்கேலில் தெரியும். ஒரு லாரி டயரின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒன்றுமே இல்லை.

மூன்றாவது, டெஸ்ட் ஸ்டிரிப். சுகர் டெஸ்ட் ஸ்டிரிப்புக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலன்டில் முக்கி எடுத்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருந்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அமிலத்தன்மை, நைட்ரைட் அளவு போன்றவை தெரியும். இதில் இரண்டு எச்சரிக்கை. ஸ்டிரிப்புக்கும் எக்ஸ்பைரி தேதி உண்டு. இன்னொன்று, ஆர்கானிக் ஆசிட் வகைக் கூலன்ட்கள் பலவற்றில் நைட்ரைட்டே கிடையாது. அதில் நைட்ரைட் ஸ்டிரிப்பை முக்கி "பூஜ்யம்" என்று பயப்படக் கூடாது. எந்த வகைக் கூலன்ட்டோ அதற்கான ஸ்டிரிப்தான் வாங்க வேண்டும்.

நைட்ரைட் எதற்கு? கனரக டீசல் எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டர் லைனரின் வெளிப்பக்கம் நேராகக் கூலன்டில் நனைகிறது. ஒவ்வொரு முறை டீசல் எரியும்போதும் லைனர் அதிர்கிறது, சுற்றிலும் குட்டிக் குட்டி நீராவிக் குமிழ்கள் தோன்றி உடைகின்றன. உடையும் ஒவ்வொரு குமிழும் இரும்பில் ஒரு சுத்தியல் அடி. கப்பல் புரொபெல்லர்களை அரித்ததும் இதே சங்கதிதான். குமிழ் உடையும்போது எவ்வளவு அழுத்தம் வரும் என்று ரேலே பிரபு 1917-லேயே கணக்குப் போட்டார். நைட்ரைட் போன்ற ரசாயனங்கள் லைனர் மேல் மெல்லிய கவசமாக நின்று அந்த அடியைத் தாங்குகின்றன. கவசம் இல்லாவிட்டால் ஊசிக்குத்து மாதிரி ஓட்டைகள் விழும். ஒரு நாள் லைனரே துளைத்துக்கொண்டு கூலன்ட் ஆயிலில் கலக்கும். அதுவரை டெம்பரேச்சர் மீட்டர் ஒன்றுமே காட்டாமல் இருக்கலாம். ஹீட் ஆனால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

"எங்க அப்பா காலத்துல பச்சைத் தண்ணிதான் ஊத்தினோம், வண்டி ஓடலையா?" ஓடியது, உண்மைதான். அன்றைய எஞ்சினுக்கு நூற்றுச் சொச்சம் குதிரைத்திறன், இழுத்த லோடும் குறைவு. இன்று டிரைலர் இழுக்கும் எஞ்சின்கள் இருநூறைத் தாண்டிவிட்டன. 2018 ஜூலையில் பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பே 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. 2020-ல் பி.எஸ். 6 வந்தபின் பல எஞ்சின்களில் புகையைக் குளிர்விக்கும் வேலையும் கூலன்ட் தலையில் விழுந்திருக்கிறது. அப்பா காலத்து எஞ்சினோடு அப்பா காலத்துத் தண்ணீரும் ரிட்டயர் ஆகியிருக்க வேண்டும்.

இப்போது அக்கவுன்ட்ஸ். 30 லிட்டர் பிடிக்கும் வண்டி, பாதிக்குப் பாதி கூலன்ட் என்று வைத்துக்கொள்வோம். கசிவில் 5 லிட்டர் போகிறது, வெறும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். 50 சதவீதம் 41.7 ஆகிறது. இரண்டாம் முறை 34.7. மூன்றாம் முறை 28.9. மூன்றே பக்கெட்டில் ஏறக்குறைய பாதிப் பாதுகாப்பு காலி, துருத் தடுப்பும் அதே விகிதத்தில் காலி. கிட்டத்தட்ட தேய்மானக் கணக்கின் குறையும் இருப்பு முறை மாதிரி! ஆனால் இந்தத் தேய்மானத்தை எந்த லெட்ஜரிலும் எழுதுவதில்லை.

ஏன் எழுதுவதில்லை? நம் நாட்டில் லாரி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு வண்டிக்காரர்கள். பத்து வண்டி வரை வைத்திருப்பவர்கள் வருமான வரிக்கு உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டலாம், புத்தகம் எழுத வேண்டியதில்லை. சின்ன ஓனருக்கு அது நிச்சயம் உதவிதான். ஆனால் வரிக்காகக் கணக்கு வேண்டாம் என்றதும், வண்டிக்காகவும் கணக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது. கூலன்ட் எப்போது மாற்றினோம் என்று கேட்டால் "போன தீபாவளிக்கு முன்னாடி" என்பதுதான் பதில்.

இன்னொரு சிக்கல், யார் காசு என்பது. ரோட்டில் கூலன்ட் வாங்கினால் டிரைவர் கையிலிருந்து போகிறது, ஓனர் திருப்பித் தருவாரா என்பது சந்தேகம். தண்ணீர் இலவசம். எஞ்சின் போனால் செலவு ஓனருக்கு, திட்டு டிரைவருக்கு. மிச்சம் பிடிப்பவர் ஒருவர், நஷ்டப்படுபவர் இன்னொருவர் என்றால் எந்தத் தொழிலிலும் இப்படித்தான் நடக்கும். டிரைவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். சாதாரண வண்டி பாலிசியில் தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் சேராது.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஆயில் சர்வீஸின்போதும் கூலன்ட்டை டெஸ்ட் செய்து, தேதி, கிலோமீட்டர், கிளைக்கால் சதவீதம், ஸ்டிரிப் ரிசல்ட் என்று ஒரு நோட்டில் நாலு வரி எழுதிவைப்பது. கலந்து வைத்த கூலன்ட் ஒரு கேன் ஓனர் செலவிலேயே கேபினில் இருப்பது. கலக்கும் தண்ணீர் பேட்டரிக்கு ஊற்றும் அதே டிஸ்டில்டு வாட்டராக இருப்பது. ஒற்றை லாரிக்காரர் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கத் தயங்குவார், நியாயம்தான். ஒரு லாரி உரிமையாளர் சங்கம் ஒன்றை வாங்கிவைத்தால் நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு அது போதும்.

1980-ல் அசோக் லேலண்ட் ஆலை வந்ததிலிருந்து லாரி செய்கிற ஊர் ஓசூர். சிப்காட்டில் எஞ்சின் பாகத்தை மைக்ரான் கணக்கில் அளந்து செய்கிறார்கள். கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் அதே எஞ்சினுக்குள் அளவில்லாமல் பக்கெட் தண்ணீர் போகிறது. செய்யத் தெரிந்த ஊருக்குக் காப்பாற்றவும் தெரிய வேண்டாமா? அதற்குத் தேவை ஐந்து நிமிஷமும் ஒரு நாற்பது பக்க நோட்டும்தான்.