களிமண் யார் கையில் இருக்கிறது?

தனியார் பள்ளி ஒன்றின் மூன்றாம் வகுப்புக்கான இணையவழிச் செயல்பாட்டுத் தாள் அண்மையில் என் பார்வைக்கு வந்தது. களிமண்ணில் ஒரு பானை செய்து, ‘உன் அறையில்’ வைத்துப் படமெடுத்து அனுப்ப வேண்டுமாம். நன்றாகச் செய்தால் ‘குட்டிப் படைப்பாளி’ சான்றிதழ்.

பானை செய்வதில் தவறில்லை. குழந்தையின் கைக்குக் களிமண்ணைவிட நல்ல பொருள் எது? ஆனால், குயவர் வீட்டுப் பிள்ளை அதே பானையைச் செய்தால் அதற்குப் பெயர் குலத்தொழில். கூடை முடைந்த கைகளையும், செருப்புத் தைத்த கைகளையும், பறைக்குத் தோல் கட்டிய கைகளையும் இந்தச் சமூகம் ஒருநாளும் படைப்பாற்றல் என்று கொண்டாடியதில்லை. பலரைத் தொடக்கூட மறுத்தது. அதே வேலை திரைக்கு முன்னால் வந்ததும் ‘கிராஃப்ட்’ ஆகிவிடுகிறது!

இன்னொரு வகைச் செயல்பாடு என்னை இன்னும் உறுத்துகிறது. அப்பா அம்மாவின் வேலையைப் பற்றி ஒரு நிமிடக் காணொளி எடுத்து வகுப்புக் குழுவில் போடச் சொல்வது. வழக்கறிஞர் வீட்டுக் குழந்தை சட்டப் புத்தக அலமாரி முன்னால் நின்று பேசும். தூய்மைப் பணியாளரின் குழந்தை எங்கே நின்று பேசும்? நேரடி வகுப்பில் சாதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கேமரா சுவர், கூரை, தெரு எல்லாவற்றையும் கேட்காமலே காட்டிக்கொடுத்துவிடுகிறது. சில குழந்தைகள் வீடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதை ‘ஆர்வமின்மை’ என்று எழுதிவைக்கிறார்கள்.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் கிராமப்புறத் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் தகப்பன் தொழிலைப் பழகச் சொன்னது. பெரியார் தலைமையில் எழுந்த எதிர்ப்பில், 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் அது கைவிடப்பட்டது. தாள் தயாரிப்பவர்களின் நோக்கம் அதுவல்ல என்பது தெரியும். ஆனால் ‘வீட்டிலிருந்து கற்றுக்கொள்’ என்று குழந்தையிடம் சொல்பவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.

இதெல்லாம் திரைக்கு வந்துசேர்ந்த குழந்தைகளின் கதை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் சுமார் 1,400 குழந்தைகளிடம் ‘ஸ்கூல்’ ஆய்வு நடந்தது. கிராமப்புறப் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளில் இணையவழியில் முறையாகப் படித்தவர்கள் 4 விழுக்காடு. மற்றக் குழந்தைகளில் 15 விழுக்காடு. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதே வசதியற்ற குடும்பங்களைத்தான். ஏழைகளுக்குள்ளேயே இவ்வளவு பள்ளம்.

அதற்காகத் திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது, வசதியுள்ளவன் பிள்ளை மட்டும் அதை வைத்துக்கொள்ளட்டும் என்பதில்தான் போய் முடியும். திரை வீட்டில் இருக்க வேண்டியதில்லை, பள்ளியில் இருக்கட்டும் என்கிறேன். நான் போய்வரும் ஒரு காலனியின் மாலை வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரே கைபேசி. தெருவில் கேட்கும் சத்தங்களைப் பதிவுசெய்து வரச் சொன்னோம். ஆட்டுக்குட்டி, டவுன் பஸ் ஹார்ன், தண்ணீர் லாரி வந்ததும் குடங்கள் மோதிக்கொள்ளும் சத்தம். அதை வேறொரு ஊர்ப் பிள்ளைகளுக்கு அனுப்பினோம். அவர்கள் குடச் சத்தத்தைக் கோயில் மணி என்று நினைத்து ஒரு திருவிழாக் கதையே எழுதி அனுப்பிவிட்டார்கள். இவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு, அந்தத் திருவிழாவுக்குத் தண்ணீர் லாரியில் போய் இறங்குவதாகக் கதையைத் தொடர்ந்து எழுதினார்கள். யார் வீடும் திரையில் தெரியவில்லை, யாரும் வண்ணத்தாள் வாங்கவில்லை.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள் வந்துகொண்டிருக்கின்றன. அந்தத் திரையில் வெறுமனே காணொளி ஓடப்போகிறதா, பிள்ளைகள் செய்தது ஓடப்போகிறதா? அதற்கான செயல்பாடுகளை எழுதும் குழுக்களில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆசிரியர்கள் எத்தனை பேர்? இந்த இரண்டையும் கல்வித் துறையிடம் இப்போதே கேட்போம்.