சுண்ணாம்பு தடவாத முட்டி

பெங்களூரிலிருந்து வந்த நண்பர் ஒரு பீர் கேனை எடுத்து என் முன்னால் வைத்தார். ஏதோ சின்ன ஆலையின் சரக்கு. மாங்காய் வாசம். மேலே மலையும் மரமும் வண்ணத்தில் வரைந்திருந்தது. இப்போ இதுதான் நடப்பு. 'பிரா 91' கம்பெனியும் இந்தியச் சுவை என்று சொல்லி கோகம் சோர், மேங்கோ லஸ்ஸி, மலபார் ஸ்டவுட் என்று இறக்கிப் பார்த்தது. ஒரு கிளாஸ் விலைக்கு எங்க ஊர்த் தறிக்காரர் பாதி நாள் தறி ஓட்டணும்.

குடி நல்லதா கெட்டதா என்று பேச வரவில்லை. மண்ணின் சுவை என்கிறார்களே, அந்த மண்ணில் ஏற்கெனவே நுரைத்துக்கொண்டிருந்த பானம் எங்கே போச்சு?

திருச்சி ரோட்டில் சூலூரைத் தாண்டினால் தென்னந்தோப்புகள். பாளையைக் கட்டி, தட்டி, நுனியைச் சீவி முட்டியை மாட்டினால் சொட்டும். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது தெளுவு. தடவாவிட்டால் தானாக வந்து சேர்கிற ஈஸ்ட்டே வேலையைப் பார்த்து, சில மணி நேரத்தில் கள். போதையும் பீர் அளவுக்குத்தான். ஆனால் 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. 2003-லிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில், அதாவது அரசாங்கத்தின் கையில். வடக்கே விளைகிற பார்லியில் காய்ச்சிய பீர் கவுண்டரில் கிடைக்கும் (கடைக் கவுண்டரைச் சொல்கிறேன்). சுண்ணாம்பு தடவாத முட்டிக்கு வழக்கு.

கொங்குநாட்டில் கள் இயக்கக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். நியாயம்தான், நானும் கை தூக்குகிறேன். ஆனா அதோட முடியலீங்க.

எங்க தாத்தன் தோப்புல குழி வெட்டுனவர், மட்டை சுமந்தவர். சாயங்காலம் கள்ளுக்கு நின்னா வேலிக்கு வெளியதான் நிக்கணும். தோப்புக்காரருக்கும் அவரு சொந்தத்துக்கும் கிளாஸ். தாத்தனுக்குக் கொட்டாங்குச்சி. கை படாம ஒசரத்துல இருந்து ஊத்துவாங்க. குடிச்சதும் அவரே கழுவி வேலி இடுக்குல சொருகிட்டு வரணும்; நாளைக்கும் அதேதான். தடை வந்தது நான் பொறக்கறதுக்கு முந்தி. இது ஆயா சொன்னது. "கள்ளு எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, கொட்டாங்குச்சி நாத்தந்தான் நெனப்புல இருக்குதும்பாரு."

பெரும்பாணாற்றுப்படையில் வீட்டில் அரிசியில் காய்ச்சிய தோப்பி வருகிறது. தமிழ் படித்தவர்களுக்கு அது பண்பாடு. தாத்தன் குடித்தால் குடிகாரச் சாதி. கேனுக்குள் அடைத்தால் ரசனை. அந்த மலை, மரப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாளை சீவுகிறவரும் இல்லை, மட்டை சுமக்கிறவளும் இல்லை. சேரியை வெட்டி எடுத்துவிட்டால் எந்த ஊருமே அழகான காட்சிதான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபது பேருக்கு மேல் பலி வாங்கியது. செத்ததில் நிறையப் பேர் தலித் கூலிகள். கள் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று அப்போதும் சொன்னார்கள். இருக்கலாம். சொன்னவர்களிடம் ஒரு விவரம் மட்டும் கேட்கிறேன். தடை நீங்கி முட்டி இறங்குற அன்னைக்கு உரிமம் யார் பேர்ல இருக்கும்? தோப்புல எத்தனை விதமான டம்ளர் இருக்கும்?