அவர்கள் நன்மைக்காகவே!

தமிழில் ‘நாம்’ என்பது வேறு, ‘நாங்கள்’ என்பது வேறு. பேசுபவரையும் கேட்பவரையும் ஒருங்கே அணைத்துக்கொள்வது ‘நாம்’. கேட்பவரைச் சேர்க்காமல் சொல்வது ‘நாங்கள்’. ஆங்கிலத்திலும் பிரெஞ்சு மொழியிலும் இந்த வேறுபாட்டுக்குத் தனிச்சொற்கள் இல்லை. ஆனால், கனடாவின் வடகிழக்கில், கியூபெக் மாநிலத்தின் கிழக்குப் பகுதியிலும் லாப்ரடாரிலும் வாழும் இன்னு மக்களின் மொழியில் அது உண்டு. தங்கள் தாயகத்தை அவர்கள் ‘நித்தாசினான்’ என்று அழைக்கின்றனர். ‘நம் நிலம்’ என்பதன்று அதன் பொருள். ‘எங்கள் நிலம்’ என்பதே. அச்சொல்லில் பகைமை இல்லை, ஓர் எல்லை இருக்கிறது. வருபவன் விருந்தினனாக வரலாம், உரிமையாளனாக அன்று என்பதே அந்த எல்லை. இந்த ஒரு சொல்லைக் கேட்க மறுத்ததே, ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக அம்மக்களிடம் சென்ற அரசும், வணிகமும், வேதனையோடு சொல்கிறேன், நம் திருச்சபையும் செய்த பெரும்பிழை.

இன்னு மக்களை அண்டை இனத்தவரான இனுயிட் மக்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர்கள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். காடுகளிலும் ஏரிக்கரைகளிலும் காரிபு என்னும் பனிமானை வேட்டையாடி வாழ்ந்தவர்கள். அம்மானின் எலும்பை நாய்க்கு எறிவது அவர்களுக்குப் பெரும் அவமதிப்பு. கால் எலும்புகளை நொறுக்கிக் கொழுப்பை எடுத்து, ‘மகுஷான்’ என்னும் விருந்தில் ஊரோடு கூடி உண்பர். வேட்டை ஒருவனுடையது, இறைச்சி அனைவருடையது. இவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். புனித அன்னம்மாளைத் தங்கள் பாட்டியாகவே போற்றி வருபவர்கள். ஆகவே, இது யாரோ எவரோ பற்றிய கதையன்று; நம்மோடு ஒரே அப்பத்தில் பங்குகொள்வோரின் கதை.

1633-ஆம் ஆண்டின் இறுதியில் இயேசு சபைக் குரு பவுல் லெ ஜென், இன்னு குடும்பங்களோடு காட்டில் குளிர்காலத்தைக் கழித்தார். அவர்களுடைய பொறுமையையும் பகிர்வையும் கண்டு வியந்தார். வியந்ததை எழுதியும் வைத்தார். பிரெஞ்சுக்காரர் தம் பிள்ளைகளை மட்டுமே நேசிக்கின்றனர், தாங்களோ குலத்தின் பிள்ளைகள் அனைவரையும் நேசிப்பதாக ஓர் இன்னு மனிதர் அவரிடம் எடுத்துரைத்ததும் அவர் எழுத்தாலேயே நமக்குத் தெரிகிறது. நற்செய்தியின் மணம் வீசும் அந்தச் சொல்லின் முன் ஒரு மறைப்பணியாளர் மண்டியிட்டிருக்க வேண்டாவா? அவரோ, இம்மக்களை ஓரிடத்தில் நிலையாகக் குடியமர்த்த வேண்டும், இவர்களுக்கு அதிகாரம் உள்ள தலைவர்களை ஏற்படுத்த வேண்டும், பிள்ளைகளைக் கண்டித்து வளர்க்கப் பழக்க வேண்டும் என்று திட்டம் வகுத்தார். தீய எண்ணத்தினால் அன்று, அவர்கள் நன்மைக்காகவே! அந்த மூன்று நூற்றாண்டுப் பழைய திட்டம் இருபதாம் நூற்றாண்டில் அரசாங்கக் கோப்புகளில் மீண்டும் உயிர்பெற்றது.

1948-ஆம் ஆண்டு, டேவிஸ் இன்லெட் பகுதியில் கூடிவந்த இன்னு மக்களை நியூபவுண்ட்லாந்து நிர்வாகம் கப்பலேற்றி வடக்கே நுட்டாக் என்னும் இடத்தில் இறக்கியது. காட்டு வேட்டைக்காரரைக் கடல் மீனவராக்குவது நோக்கம். அடுத்த குளிர்காலத்தில் அவர்கள் நடந்தே திரும்பினர். 1967-இல் மீண்டும் ஓர் இடமாற்றம், இம்முறை ஒரு தீவுக்கு. குழாய் நீருடன் வீடுகள் தருவதாக வாக்குறுதி. வீடுகளுக்குள் நீர் வரவில்லை. கடல் உறையும் காலத்திலும் உருகும் காலத்திலும் அத்தீவிலிருந்து வேட்டை நிலத்துக்குச் செல்ல வழியில்லை. கியூபெக் கரையிலும் இதுவே நிகழ்ந்தது. 1961-இல் பகுவா சிப்பி மக்கள் தங்கள் இடத்தை விட்டு வேறோர் ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அந்த ஏற்பாட்டில் மறைப்பணியாளரின் கையும் இருந்தது. இரண்டு ஆண்டுகளில் அவர்களும் நடந்தே ஊர் திரும்பினர். இந்த நடைப்பயணங்களை விடத் தெளிவான மறுமொழி வேறென்ன வேண்டும்? கேட்கச் செவியுள்ளோர் அன்று இல்லை.

“நல்ல வீடு கொடுத்தது குற்றமா? பள்ளியும் மருத்துவமும் கொடுத்தது பாவமா?” என்று கேட்போருக்கு நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நினைவூட்டுகிறேன். அரசன் ஆகாபு முதலில் வாளோடு வரவில்லை; இதைவிடச் சிறந்த தோட்டம் தருகிறேன், அல்லது பணம் தருகிறேன் என்றுதான் வந்தான். உலகக் கணக்கில் அது நேர்மையான பேரம். நாபோத்தோ முன்னோரின் உரிமைச் சொத்தைக் கொடுக்க மறுத்தான். அவனுக்கு அது விலையுள்ள பொருளன்று, இறைவன் தன் குலத்திடம் ஒப்படைத்த பொறுப்பு. ஆகாபின் பாவம் கொலையில் தொடங்கவில்லை. நாபோத்தின் ‘இல்லை’ என்ற சொல்லை ஒரு விடையாக ஏற்காத மனத்தில் தொடங்கியது.

அந்த மனம் நித்தாசினானில் எங்கும் உலவியது. 1970-களின் தொடக்கத்தில் சர்ச்சில் நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுக்க, ஏறத்தாழ 6,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. மெஷிகமாவு என்ற பெரிய ஏரியும், வேட்டைப் பாதைகளும், முன்னோரின் கல்லறைகளும் அதில் மூழ்கின. இன்னு மக்களின் இசைவை எவரும் கேட்கவில்லை. அதற்கு இழப்பீட்டு உடன்படிக்கை கையெழுத்தாக 2011 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1980-களில் நேட்டோ நாடுகளின் போர் விமானங்கள் கூஸ் பே தளத்திலிருந்து எழும்பி, கூடாரங்களுக்குச் சில பத்து மீட்டர் உயரத்தில் சீறிப் பறந்து பயிற்சி செய்தன. ‘வெற்று நிலம்’ என்றனர்! குழந்தைகள் அலறியது அவர்கள் வரைபடத்தில் இல்லை. 1988-இல் இன்னு மக்கள் ஓடுதளத்தில் நடந்து சென்று அமர்ந்தனர். தாய்மாரும் சிறை சென்றனர். மறு ஆண்டு, இனுயிட் இனத்தவரான ஒரு நீதிபதி, இது தங்கள் நிலமே என்று அவர்கள் உண்மையாக நம்பியதை ஏற்று நால்வரை விடுவித்தார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. எனினும் நீதிமன்றம் ஒன்றில் ‘எங்கள் நிலம்’ என்ற சொல் ஒருமுறையேனும் செவிமடுக்கப்பட்டது.

“அவர்கள் குடித்துக் கெட்டவர்கள்” என்று எளிதாகச் சொல்லிவிடுவோரும் உண்டு. ஆம், குடி அவர்களை வாட்டியது. 1992 பிப்ரவரியில் டேவிஸ் இன்லெட்டில் ஒரு வீடு எரிந்து ஆறு குழந்தைகள் மாண்டனர். 1993 ஜனவரியில், பெட்ரோல் ஆவியை முகர்ந்து சாக விரும்பிய சிறுவர்களின் ஒளிப்படக் காட்சி உலகை உலுக்கியது. ஆனால், அந்தத் தீக்குப் பின் அம்மக்கள் செய்தது என்ன? வெளியாரை எதிர்பாராமல் தாங்களே மக்கள் விசாரணை ஒன்றை நடத்தினர். எங்கே தவறினோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டனர். தங்கள் பங்கையும் மறைக்கவில்லை. 2002-இன் இறுதியில் பெருநிலத்தில் நதுவாஷிஷ் என்னும் புதிய ஊருக்குக் குடிபெயரத் தொடங்கினர். 2008-இல் வாக்கெடுத்து, சிறு பெரும்பான்மையில் மதுவைத் தடை செய்தனர். நடுவீதியில் பாவ அறிக்கை செய்தவர்கள் அவர்களே. அவர்களை அந்தத் தீவில் கொண்டுபோய் வைத்தவர்களின் பாவ அறிக்கை எங்கே?

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். மறைப்பணியாளர் செய்த நன்மையை நான் மறைக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டிலேயே இன்னு மொழிக்கு அகராதி தொகுத்தவர்கள் அவர்கள். ஆயினும், 1952 முதல் 1971 வரை மாலியோத்தெனாமில் அமல மரி தியாகிகள் சபையினர் நடத்திய உறைவிடப் பள்ளியில், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட இன்னு பிள்ளைகள் தங்கள் மொழிக்கும் காட்டுக்கும் அந்நியராக்கப்பட்டனர். 2017-இல் அதே ஊரில் தேசிய விசாரணைக் குழுவின் முன், பல்லாண்டு தங்களிடையே பணியாற்றி மறைந்த ஒரு மறைப்பணியாளரால் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகப் பெண்கள் சாட்சியம் அளித்தனர். அவர்கள் அதுகாறும் பேசாதது ஏன்? குருவுக்கு எதிராகப் பேசினால் யார் நம்புவார் என்ற அச்சம். அந்த அச்சத்தை ஊட்டியவர்கள் நாம். இதே சபையினர்தான் 1847-இல் இலங்கைக்கு வந்து தமிழ் மக்களிடையே பணியைத் தொடங்கினர். அவர்களின் நற்பணியில் பெருமைகொள்ளும் நாம், இந்தத் துயரத்தில் மட்டும் ‘அது எங்கோ நடந்தது’ என்று ஒதுங்கிக்கொள்ள முடியுமா?

“திருத்தந்தை மன்னிப்புக் கேட்டுவிட்டாரே” என்பர் சிலர். உண்மை. 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ், தள்ளாத உடலோடு தவப் பயணமாகக் கனடா சென்றார். புனித அன்னம்மாளின் திருத்தலத்திலும் திருப்பலி நிறைவேற்றினார். 2023 மார்ச்சில், பிறர் நிலத்தை ‘கண்டுபிடித்தவர்’ கைக்கொள்ளலாம் என்ற பழைய கோட்பாட்டை வத்திக்கான் வெளிப்படையாக மறுத்தது. இவற்றுக்காக இறைவனுக்கு நன்றி. ஆனால், ஒப்புரவு அருள்சாதனத்தில் அமரும் ஒரு குரு என்ற முறையில் சொல்கிறேன்: மனத்துயர் உண்டு, பாவ அறிக்கை உண்டு, பரிகாரமும் உண்டு. சக்கேயு கண்ணீர் விட்டதாக லூக்கா எழுதவில்லை. நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்ததையே எழுதியிருக்கிறார். மேலும், பரிகாரம் போதுமா என்பதைக் குற்றவாளி தீர்மானிக்க முடியாது. 2017-இல் கனடாப் பிரதமர் லாப்ரடாரின் உறைவிடப் பள்ளிகளுக்காக மன்னிப்புக் கேட்டபோது, அது தங்கள் துன்பம் முழுவதையும் தழுவவில்லை என்று இன்னு தலைமை அதை ஏற்க மறுத்தது. சிலர் அதை நன்றிகெட்ட செயல் என்றனர். நான் அதை நாபோத்தின் சொல் என்கிறேன்.

அன்புள்ள இறைமக்களே, மறைபரப்பு ஞாயிறன்று நாம் செபிக்கிறோம், காணிக்கை தருகிறோம், அது நல்லதே. இனி அதனோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம்: இந்த நன்மையை அம்மக்கள் கேட்டார்களா? வேண்டா என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்ததா? கேளாமல் கொடுக்கும் நன்மை, பெறுபவரைக் குழந்தையாக்குகிறது, கொடுப்பவரைக் கடவுளாக்குகிறது. கடவுளோ மரியாவின் ‘ஆம்’ என்ற சொல்லுக்குக் காத்திருந்தவர். அவருடைய திருச்சபை காத்திருக்க மாட்டேன் என்று சொல்லலாமா?

‘நாம்’ என்பது இனிய சொல். நற்கருணைப் பந்தியின் சொல். ஆனால், அதை இன்னு மக்கள் மேல் நாம் சுமத்த முடியாது. ‘எங்கள் நிலம்’ என்று அவர்கள் சொல்லும்போது, முதலில் தலைவணங்கிக் கேட்போம். அவர்களே ஒருநாள் நம்மையும் சேர்த்து ‘நாம்’ என்று அழைப்பார்களாயின், அதுவே நமக்குக் கிடைக்கும் பாவமன்னிப்பு.