சுவரா, பெயரா?

ஹாசன் மாவட்டத்து ஷெட்டிஹள்ளியில் 1860 வாக்கில் பிரெஞ்சுப் பாதிரிமார் ஒரு மாதா கோயில் எழுப்பினர். காவிரியின் துணையாறான ஹேமாவதிக்குக் கோரூரில் கட்டிய அணை 1979இல் முடிந்தது. ஊர் நீர்ப்பரப்புள் அடங்கிற்று. மக்கள் வேறிடம் பெயர்ந்தனர். இன்று மழைக்காலத்தில் கோயில் பாதி மூழ்கும். கோடையில் கூரையற்ற சுவர்கள் வெளிப்படும்.

நம் ரிச்சர்ட்ஸ் டவுன் நண்பர்களும் விடுமுறையில் சென்று படமெடுத்து வருகின்றனர். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது வெறும் காட்சிப்பொருளன்று. ஓர் ஊராரின் ஞானஸ்நானமும் திருமணமும் இறுதிச் சடங்கும் நடந்த இடம். கோயில் கொண்ட ஊருக்குக் கல்லறைத் தோட்டமும் உண்டன்றோ?

சுவரைக் காக்க வேண்டும் என்போர் உளர். விஞ்ஞானம் பயில்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆண்டுதோறும் நனைந்து உலரும் செங்கல்லின் நுண்துளைகளில் உப்பு படிகமாகி அதைப் பிளக்கும், சுண்ணாம்புக் காரையை நீர் மெல்லக் கரைக்கும். நீரைத் தடுக்காமல் சுவரைக் காத்தல் அரிது. நீரையோ தடுத்தலாகாது, அது உழவரின் உயிர்.

அப்படியானால் நாம் காக்கத்தக்கது எது? பெயர்களை! அணை முடிந்தபோது இருபது வயதினராய் இருந்தோர் இன்று அறுபதைக் கடந்தவர். எவர் வீடு எங்கே, எவர் கல்லறை எங்கே என்று சொல்லத்தக்கவர் அவர்களே. அவர்களுக்குப் பின் கேட்க ஆளிராது.

ஆகவே, வரும் கோடையில் நம் சங்கத்தார் அளவுநாடாவும் குறிப்பேடும் கொண்டு செல்லட்டும். சுவர்களை அளப்போம், கன்னட நண்பர் துணையுடன் பெரியோர் சொல்வதை எழுதுவோம். ஊர்விட்டு வந்த நமக்கு ஊரிழந்தவர் துயர் புரியாதா?