சராசரி எனும் சாமி!

“மண்டையில் ஏறவில்லை, ஐயா!”

காலாண்டுத் தேர்வு முடிந்த மறுவாரம், பள்ளிக்கூடங்களின் ஆசிரியர் அறைகளிலே இந்த மந்திரம் ஓதப்படாத நாளில்லை. மந்திரம் என்றோம், பொருத்தமான சொல்தான். பொருளை ஆராயாமல் ஓதுவது, ஓதி முடித்ததும் பொறுப்பு நீங்கிற்றெனப் பூரிப்பது, ஏன் என்று கேட்பவனைக் கண்டு சீறுவது — மந்திரத்தின் இலக்கணம் முழுதும் பொருந்துகிறதன்றோ! முன்னாளில் ‘தலையெழுத்து’ என்றனர். இந்நாளில் ‘மெல்லக் கற்போர்’ என்று பட்டியல் எழுதுகின்றனர். எழுதுகோல் மாறிற்று, எழுத்து மாறக் காணோம்.

யார் இந்த மெல்லக் கற்போர்? பட்டியலை வாங்கிப் பாரீர், தோழர்களே! பெற்றோருடன் செங்கற்சூளைக்குப் போய்ப் பாதி ஆண்டைத் தொலைத்துவிட்டுத் திரும்பிய சிறுவன். தாய் களையெடுக்கப் போனபின் தம்பியை இடுப்பில் சுமந்த சிறுமி. குடும்பத்திலேயே முதன்முதலாகப் புத்தகத்தைத் தொட்ட பிள்ளை. அறிவுக் குறையை இயற்கை வழங்கியதென்றால், அந்த இயற்கை தெருப் பார்த்தா வழங்கும்? ஊர்க்கோடி எது, மாடிவீடு எது என்று விசாரித்தா விநியோகிக்கும்?

இந்த உண்மையைக் கண்ணில் படாமல் மறைக்க ஒரு திரை இருக்கிறது. அதன் பெயர் சராசரி. ஒரு வகுப்பிலே நாற்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். இருபது பேர் 80 மதிப்பெண், இருபது பேர் 30 மதிப்பெண். சராசரி 55. ஆய்வுக் கூட்டத்திலே தலைமையாசிரியர் எழுந்து, “ஐம்பத்தைந்து” என்று அறிவிப்பார்; அலுவலர் தலையசைப்பார்; தேநீர் வரும். ஆனால், 55 வாங்கிய பிள்ளை அந்த வகுப்பிலே ஒருவர்கூட இல்லை! இல்லாத ஒருவனைக் காட்டி, இருக்கின்ற இருபது பேரை மறைத்தாயிற்று. அடுத்த ஆண்டு முன்வரிசையார் 90-க்கு உயர்ந்து, பின்வரிசையார் 26-க்குச் சரிந்தால் சராசரி 58. முன்னேற்றமாம்! பாராட்டும் கிடைக்கும். பிளவு 50-லிருந்து 64-ஆக விரிந்ததைக் கேட்பாரில்லை. கண்ணுக்குத் தெரியாததைக் கும்பிடச் சொல்லும் வேறொரு கூட்டத்தை நாம் அறிவோம். கல்வித்துறையிலும் அதற்குக் கிளை இருக்கிறது போலும்.

மாற்று வழி இல்லையா? இருக்கிறது, ஏட்டளவில் வெகு நாட்களாகவே இருக்கிறது. அதன் பெயர் செயலாய்வு. இட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ம் ஆண்டிலே செர்மனியை விட்டு அமெரிக்கா சென்ற யூத அறிஞர் குர்ட் லெவின், 1946-ல் வெளியிட்ட கட்டுரையில் இம்முறைக்கு உருவம் தந்தார். அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் எது? சிறுபான்மையினருக்கு இழைக்கப்படும் கொடுமை! திட்டமிடு, செய், விளைந்தது என்ன என்று கண்டறி, கண்டதை வைத்துத் திட்டத்தைத் திருத்து, மீண்டும் செய் — இவ்வளவே முறை. 1953-ல் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த சுடீபன் கோரி அதைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். ஆசிரியனே ஆராய்ச்சியாளன் என்று 1975-ல் இங்கிலாந்தின் லாரன்சு சுடென்கவுசு வாதிட்டார். ஒடுக்கப்பட்டோருக்காகப் பிறந்த முறை இது என்பதை நம்மவர் நினைவிற் கொள்ள வேண்டும்.

பெயர் தெரியாமலே இப்படிப்பட்ட வேலையைச் செய்தவர்கள் நம் மண்ணிலே இருந்தார்கள். பள்ளிக்கு வராத பிள்ளையைச் சோம்பேறி என்று வையாமல், வயிற்றைப் பார்த்தார்கள். 1920-ல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்க முடிவு செய்தது. வருகை பெருகிற்று, மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் பரவிற்று. காரணம் இதுவாக இருக்கலாம் என்று கருதி, ஒரு பள்ளியில் செய்து பார்த்து, எண்ணிப் பார்த்து, பிறகு விரித்தனர். இதைவிடச் சிறந்த பாடம் தேடி எந்தப் பயிலரங்குக்குப் போக வேண்டும்?

ஆனால் இன்று செயலாய்வு படும் பாட்டைப் பாருங்கள். 1986-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் எழுந்தன. செயலாய்வு அவற்றின் கடமைகளில் ஒன்று. நல்ல ஏற்பாடு. எனினும் நாம் புரட்டிப் பார்த்த அறிக்கைகள் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. முன்தேர்வில் தாழ்வு, பின்தேர்வில் உயர்வு, இடையிலே வண்ண அட்டை நான்கு, முடிவில் நன்றியுரை! இரண்டு தேர்விலும் அதே வினாக்கள். மனப்பாடம் செய்தவன் உயராமல் என்ன செய்வான்? தோல்வியுற்ற செயலாய்வு ஒன்றையேனும் எந்த அலமாரியிலாவது கண்டதுண்டா? தோல்வியே காணாதது ஆராய்ச்சியன்று, அற்புதம். அற்புதங்களைப் பற்றி நமது கருத்தைத் தோழர்கள் அறிவார்கள்.

உண்மையான ஆய்வு எப்படியிருக்கும்? ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ‘48 மாம்பழங்களை 6 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எத்தனை?’ பிள்ளை 288 என்று எழுதுகிறது. சிவப்பு மையால் ஒரு கோடு, கதை முடிந்தது! ஆசுதிரேலியாவின் ஆன் நியூமன் 1977-ல் வெளியிட்ட முறையோ கோட்டோடு நிற்பதில்லை. வினாவைப் படித்துக் காட்டு, என்ன கேட்கிறார்கள், சொல், எந்த வழியில் செய்வாய், செய்து காட்டு, விடையை எழுது — இப்படி ஐந்து படிகளில் பிள்ளையோடு அமர்ந்து கேட்கச் சொல்கிறது. நாம் அவ்வாறு அமர்ந்து பார்த்தோம். வகுத்தல் தெரியாமல் இடறியவர் சிலரே. ‘பங்கிட்டால்’ என்ற சொல்லில் தடுக்கி விழுந்தவர் பலர். வினாவை எழுத்துக்கூட்டவே இயலாதவரும் உண்டு. கணக்கிலே தோற்றவன் என்று நாம் முத்திரை குத்தியவன் தமிழிலே தவிக்கிறான்! இவர்கள் அத்தனை பேரையும் மாலையில் ஒரே சிறப்பு வகுப்பில் அடைத்து, அதே வாய்பாட்டை நூறு முறை சொல்ல வைப்பது, வந்த நோயெல்லாவற்றுக்கும் ஒரே திருநீறு பூசுவதுபோல் அல்லவா?

இதைத் தனி ஆசிரியர் கண்டுபிடிக்கலாம், சரிசெய்ய இயலாது. தமிழாசிரியரையும் கணக்காசிரியரையும் ஒன்றாக உட்கார வைப்பவர் யார்? கால அட்டவணையை மாற்றுபவர் யார்? அனுபவம் மிக்க ஆசிரியரைப் பத்தாம் வகுப்புக்கே காவல் வைக்காமல், ஆறாம் வகுப்புக்கு அனுப்பும் துணிவு யாருக்கு வேண்டும்? தலைமையாசிரியருக்கு! பிள்ளையின் தேர்ச்சியைப் பள்ளியைவிடக் குடும்பப் பின்னணியே பெரிதும் நிர்ணயிக்கிறது என்று 1966-ல் அமெரிக்காவிலே கோல்மன் அறிக்கை சொன்னபோது, கைகட்டி நிற்க விரும்பியோருக்கெல்லாம் அது வசதியாயிற்று. கறுப்பினக் கல்வியாளர் ரான் எட்மண்ட்சு அதனோடு நிற்கவில்லை. ஏழைப் பிள்ளைகள் நன்கு கற்கும் பள்ளிகளைத் தேடிக் காட்டினார். அங்கெல்லாம் கற்பித்தலில் கண்ணாயிருக்கும் தலைமையும், எந்தப் பிள்ளையையும் கைவிடாத எதிர்பார்ப்பும் இருந்ததை 1979-ல் எழுதினார்.

“தலைமையாசிரியருக்கு நேரமேது?” என்பர். நியாயமான கேள்வி. படிவம் நிரப்பவும், பதிவேற்றவும், கூட்டத்துக்கு ஓடவுமே அவர் பொழுது போகிறது. அப்படியானால் எழுத்தர் ஒருவரைக் கேட்டுப் போராடுவோம். பிள்ளையைக் கைவிடுவதற்கா அது காரணம்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2022-ல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றலின் நிலைக்கேற்பப் பிரித்தது. நிலை உயர உயரப் பிள்ளை மாற வேண்டும் என்பதே அதன் கருத்து, அதை வரவேற்கிறோம். ஆனால் பெயர் சூட்டுவதில் நம் நாட்டாருக்குள்ள பழைய திறமையை எண்ணினால் அச்சம் வருகிறது. சூட்டிய பெயர் ஒட்டிக்கொண்டால், வகுப்பறைக்குள்ளே புதிதாய் ஒரு வருணம் முளைத்துவிடும். ரோசந்தால், சேக்கப்சன் இருவரும் 1968-ல் வெளியிட்ட சோதனையிலே, குலுக்கலில் எடுத்த பெயர்களைத் தந்து, “இவர்கள் மலரப் போகிறவர்கள்” என்று ஆசிரியரிடம் சொன்னார்கள். கீழ்வகுப்புகளில் அப்பிள்ளைகள் மற்றவரைவிட முன்னேறினர். விளைவின் அளவு பற்றிப் பின்வந்தோர் கடுமையாக வாதிட்டனர், சிறிதுதான் என்றனர். சிறிதானால் என்ன? கீழே கிடப்பவனுக்கு அந்தச் சிறிதும் மறுக்கப்படுகிறதே!

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் அறிந்து, தேவைப்படும் கூடுதல் பயிற்சி தருவதை ஆசிரியரின் கடமையாக்கியிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவிலே முக்கால் பங்கு பெற்றோருக்கு இடம் தந்திருக்கிறது. அக்குழு கூடும் நாளில், இளைஞர்களே, உங்கள் ஊர்ப் பெற்றோருடன் செல்லுங்கள். தேர்ச்சி விழுக்காடு என்னவென்று கேட்க வேண்டாம். அதை அவர்கள் மனப்பாடமாய் ஒப்பிப்பார்கள். மேல்வரிசைக் கால்பங்குக்கும் கீழ்வரிசைக் கால்பங்குக்கும் சென்ற ஆண்டு எத்தனை மதிப்பெண் இடைவெளி, இந்த ஆண்டு எத்தனை, அதைக் குறைக்க என்ன செய்து பார்த்தீர்கள், எது பலிக்கவில்லை என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் அதையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லி, பெற்றோரைக் கையொப்பமிடச் சொல்லுங்கள்.