சிக்கனக் கட்சியின் செலவுக் கணக்கு

அமெரிக்காவின் குடியரசுக் கட்சியைப் பற்றி எதைச் சொன்னாலும் சண்டை வரும். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் எல்லோரும் தலையாட்டுவார்கள். "அவர்களைப் பிடிக்கிறதோ இல்லையோ, காசு விஷயத்தில் கறாரானவர்கள். வரியைக் குறைப்பார்கள், செலவை வெட்டுவார்கள், அரசாங்கத்தைச் சின்னதாக வைத்துக்கொள்வார்கள், கடனைக் கட்டுக்குள் வைப்பார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்கள்தான் ஊதாரிகள்." எதிர்த் தரப்பில் இருப்பவர்களே பாதி நம்பும் பேச்சு இது. ஒரு கட்சி தனக்குத் தானே எழுதிக்கொண்ட நன்னடத்தைச் சான்றிதழை ஊரே சரிபார்க்காமல் வாங்கி வைத்திருக்கிறது. அதிலுள்ள வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் வரி: வரியைக் குறைத்தால் தொழில் பெருகும், தொழில் பெருகினால் வசூல் கூடும், ஆகவே வரிக் குறைப்பு தன் செலவைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும்.

இந்தத் தத்துவத்தின் தலபுராணம் 1974-இல் வாஷிங்டன் ஓட்டல் ஒன்றின் சாப்பாட்டு மேசையில் தொடங்குகிறது. பொருளியல் பேராசிரியர் ஆர்தர் லாஃபர், அன்றைய அரசு அதிகாரிகள் டிக் செனி, டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட், பத்திரிகையாளர் ஜூட் வானிஸ்கி ஆகியோர் கூடியிருந்தார்கள். இந்தத் தத்துவத்தை விளக்க, கை துடைக்கும் துணியை எடுத்து லாஃபர் ஒரு வளைகோடு வரைந்தார் என்பது வானிஸ்கி பரப்பிய கதை. லாஃபரோ, தனக்கு அப்படியொரு நினைவில்லை, நல்ல துணியில் கிறுக்கக் கூடாது என்றுதான் அம்மா வளர்த்தார் என்று பின்னாளில் எழுதினார். மூலவரே மறந்தாலும் பக்தர்கள் விடவில்லை. கோடு வரைந்த துணி ஒன்று இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் கோட்டை நம்பி ரொனால்ட் ரீகன் 1981-இல் வருமான வரியின் உச்ச விகிதத்தை 70 சதவீதத்திலிருந்து 50-க்கு இறக்கினார். 1986-இல் போட்ட சட்டம் அதை 28 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. இடையில், பற்றாக்குறை மிரட்டியதால், 1982-இலும் அதற்குப் பிறகும் வேறு வரிகளை ஏற்றவும் செய்தார். அதை மேடையில் யாரும் சொல்வதில்லை. அவர் பதவியேற்றபோது ஒரு லட்சம் கோடி டாலரைத் தொடாமல் இருந்த தேசியக் கடன், எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்று மடங்கானது. அவருடைய பட்ஜெட் இயக்குநர் டேவிட் ஸ்டாக்மன், இந்த எண்களெல்லாம் என்ன சொல்கின்றன என்று எங்களில் யாருக்கும் உண்மையில் புரியவில்லை என்று 1981-லேயே ஒரு பத்திரிகையாளரிடம் மனம் திறந்தார். எல்லோருக்குமான வரிக் குறைப்பு என்பது உச்ச விகிதத்தை இறக்குவதற்கான போர்வை என்றும் ஒப்புக்கொண்டார். உண்மையைச் சொன்னதற்காக அதிபரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

ஒரு முறை தவறலாம் என்று விடலாமே என்பீர்கள். கேன்சஸ் மாநிலம் இருக்கிறது. 2012-இல் அதன் ஆளுநர் சாம் பிரவுன்பேக் வருமான வரியை வெட்டி, லட்சக்கணக்கான சிறு நிறுவன உரிமையாளர்களின் தொழில் வருமானத்துக்கு மாநில வரியையே எடுத்துவிட்டார். இது பொருளாதாரத்துக்கு அட்ரினலின் ஊசி, கண்ணெதிரே நடக்கும் சோதனை என்று அவரே பெயர் சூட்டினார். ஆலோசகர் அதே லாஃபர். சன்மானம் 75,000 டாலர். 2014 நிதியாண்டில் மாநில வசூல் சுமார் 70 கோடி டாலர் சரிந்தது. கடன் தர மதிப்பீடு இறங்கியது. சாலைத் துறைப் பணத்தை எடுத்து எடுத்துப் பொதுச் செலவுக்குப் போட்டதில், அந்தத் துறையை 'வங்கி' என்றே மக்கள் கேலி பேசினார்கள். சில பள்ளிகள் காசில்லாமல் கல்வியாண்டை முன்கூட்டியே முடித்துக்கொண்டன. 2017 ஜூனில் மாநிலச் சட்டமன்றம் ஆளுநரின் தடையை மீறி அந்த வரிக் குறைப்பைத் திரும்பப் பெற்றது. இரு அவைகளிலும் பெரும்பான்மை குடியரசுக் கட்சிக்கே இருந்தது என்பதை அடிக்கோடிட வேண்டும். வரியை ஏற்ற வாக்களித்தவர்கள் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான்.

பாடம் படித்திருப்பார்கள் என்று நினைத்தால் அது நம் வெகுளித்தனம். ஆறே மாதத்தில், 2017 டிசம்பரில், டிரம்ப் அதே மருந்தை நாடு முழுவதற்கும் ஏற்றினார். நிறுவன வரி 35 சதவீதத்திலிருந்து 21-க்கு இறங்கியது. தன் செலவைத் தானே ஈடுகட்டும் என்றார் நிதியமைச்சர் ஸ்டீவன் மனூச்சின். பதினோரு ஆண்டுகளில் 1.9 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை கூடும் என்றது நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம். 2016-இல் 58,500 கோடி டாலராக இருந்த ஆண்டுப் பற்றாக்குறை 2019-இல் 98,400 கோடியானது. கோவிட் அப்போது வரவில்லை. போர் புதிதாக எதுவும் இல்லை. பொருளாதாரம் நன்றாகவே இருந்தது. லாஃபருக்கு 2019-இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது.

அடுத்த வரி: செலவை வெட்டுவார்கள்.

வெட்டுவதற்கு ரம்பமே கொண்டுவந்தார்கள். 2025 பிப்ரவரியில் ஒரு மாநாட்டு மேடையில் அர்ஜென்டினா அதிபர் ஹாவியேர் மிலே கொடுத்த மோட்டார் ரம்பத்தை ஈலான் மஸ்க் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். அதற்கு முன் தேர்தல் கூட்டத்தில் அவர் சொன்ன சேமிப்பு இரண்டு லட்சம் கோடி டாலர். பதவிக்கு வந்ததும் அது ஒரு லட்சம் கோடியானது. ஏப்ரலில் 15,000 கோடி. வெட்டப்பட்டது முதலில் வாக்குறுதிதான். சேமிப்புப் பட்டியல் என்று அவருடைய செலவுக் குறைப்பு அமைப்பான 'டோஜ்' வெளியிட்ட கணக்கில், 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் ஒன்று 800 கோடி டாலராகப் பதிவாகியிருந்தது. மூன்று சைபரில் இத்தனை சிக்கனம் செய்தவரை உலகம் பார்த்ததில்லை. அணு ஆயுதப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஊழியர்களை நீக்கிவிட்டு, யாரை நீக்கினோம் என்று தெரிந்ததும் திரும்ப அழைத்தார்கள். பறவைக் காய்ச்சலைக் கவனித்த வேளாண் துறை ஊழியர்கள் விஷயத்திலும் அதே கதை. வரி வசூலிக்கும் துறையின் ஆட்களையும் குறைத்தார்கள். வருமானம் கொண்டுவரும் கையை வெட்டுவது எந்த வகைச் சிக்கனம் என்று கேட்பாரில்லை. மொத்த அரசுச் செலவில் ஒரு சதவீதம்கூட இல்லாத வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்டை மூடினார்கள். ஏழை நாடுகளின் மருத்துவமனைகளில் அது உயிர்ப் பிரச்சினை; அமெரிக்கக் கணக்குப் புத்தகத்தில் சில்லறை. மஸ்க் மே மாதக் கடைசியில் கிளம்பினார். ஆண்டு முடிவில் அமெரிக்க அரசின் மொத்தச் செலவு முந்தைய ஆண்டைவிட அதிகம். ஏழு லட்சம் கோடி டாலர்.

ரம்பம் ஓய்ந்த கையோடு, 2025 ஜூலை 4 அன்று 'ஒரே பெரிய அழகான மசோதா' சட்டமானது. செனட்டில் 50-க்கு 50. துணை அதிபர் ஜே.டி. வான்ஸின் ஒற்றை வாக்கில் தப்பித்தது. ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டத்தில் பெரிய வெட்டு விழுந்தது. அப்படியும் பத்து ஆண்டுகளில் 3.4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை கூடும் என்பது பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு. செனட்டின் குடியரசுக் கட்சியினர் கண்டுபிடித்த கணக்குமுறைதான் இதில் ரசிக்க வேண்டிய பகுதி. 2017-இன் வரிச் சலுகைகள் ஏற்கெனவே நடப்பில் இருப்பவை, ஆகவே அவற்றை நீட்டிப்பதற்குச் செலவே கிடையாது என்றார்கள். போன வருஷம் வட்டிக்கு வாங்கி மூத்தவள் கல்யாணத்தை நடத்தியவர், இந்த வருஷம் இளையவளுக்கும் அதே தொகையை வாங்கிவிட்டு, "வழக்கமாக வாங்குவதுதானே, இது புதுக் கடனா?" என்று மனைவியிடம் கேட்பது போன்ற தர்க்கம் இது. வேறு வீடுகளில் மனைவிகள் விடமாட்டார்கள். செனட் விட்டுவிட்டது. கடன் உச்சவரம்பை ஐந்து லட்சம் கோடி டாலர் உயர்த்தியதும் அதே சட்டம்தான்.

சின்ன அரசாங்கம் என்ற வரியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2009-இல் திவாலான ஜெனரல் மோட்டார்ஸில் ஒபாமா அரசு பங்கு எடுத்துக் காப்பாற்றியபோது, சோஷலிசம் வந்துவிட்டது என்று கட்சியே கூக்குரலிட்டது. 2025 ஆகஸ்டில் டிரம்ப் அரசு இன்டெல் நிறுவனத்தில் சுமார் பத்து சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. இன்டெல் திவாலாகவில்லை. கட்சியே கூக்குரலிடவும் இல்லை. சோஷலிஸ்ட் என்று தன்னை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் பெர்னி சாண்டர்ஸ் அந்த யோசனையை ஆதரித்தார் என்பது தனி நகைச்சுவை. இன்னொரு பக்கம் இறக்குமதி வரி. வரி என்றாலே ஒவ்வாமை உள்ள கட்சி, 2025 ஏப்ரலில் ஏறக்குறைய உலகம் முழுவதன் மீதும் வரி போட்டது. அண்டார்டிகாவுக்கு அருகே மனிதரே வாழாத, பென்குயின்கள் திரியும் ஹேர்ட், மெக்டொனால்ட் தீவுகளுக்கும் பத்து சதவீதம். பென்குயின்கள் கட்டப்போவதில்லை, மற்ற நாட்டுச் சரக்குகளுக்கும் வரியைத் துறைமுகத்தில் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்தான். முதல் ஆட்சியில் இதே வரிப் போரில் அடிவாங்கிய விவசாயிகளுக்கு 2,800 கோடி டாலர் நிவாரணம் அறிவிக்க வேண்டியிருந்தது. சந்தையில் அரசு தலையிடாமை என்பது இதுதான் போலும்.

கடைசி வரி: கடன் பற்றிய கவலை. இதில் உண்மை உண்டு. கவலைப்படுகிறார்கள்; ஆனால் வெள்ளை மாளிகையில் மற்றக் கட்சிக்காரர் இருக்கும்போது மட்டும். 2011-இல் ஒபாமாவிடம் கடன் உச்சவரம்பைப் பிணையாக வைத்து மிரட்டியதில் நாட்டின் தர மதிப்பீடே முதல் முறையாக இறங்கியது. 2023-இல் பைடனிடம் மறுபடி அதே ஆட்டம். இடையில் டிரம்பின் முதல் ஆட்சியில் உச்சவரம்பு மூன்று முறை சத்தமில்லாமல் விலக்கிவைக்கப்பட்டது. கடனை எட்டு ஆண்டுகளில் ஒழிப்பேன் என்று 2016-இல் சொன்னவர், நான்கு ஆண்டுகளில் அதில் 7.8 லட்சம் கோடி டாலரைச் சேர்த்துவிட்டுப் போனார். பற்றாக்குறை ஒரு பொருட்டல்ல என்று ரீகன் நிரூபித்துவிட்டார் எனத் தன்னிடம் துணை அதிபர் டிக் செனி சொன்னதாக, இளைய புஷ்ஷின் முதல் நிதியமைச்சர் பால் ஓ'நீல் பதிவுசெய்திருக்கிறார். ஓ'நீலின் வேலை போனது. செனியின் தத்துவம் நிலைத்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும்: கஜானா சாவி அதிபரிடம் இல்லை, நாடாளுமன்றத்திடம் இருக்கிறது, கிளின்டன் காலத்து உபரிக்கும் அன்றைய குடியரசுக் கட்சி நாடாளுமன்றம்தானே காரணம்? பங்கு உண்டு, மறுக்கவில்லை. 1990-களின் கணினித் தொழில் எழுச்சிக்கும் பங்கு உண்டு. ஆனால் அடித்தளம் போட்ட 1993 வரி உயர்வுச் சட்டத்துக்கு ஒரேயொரு குடியரசுக் கட்சி உறுப்பினர்கூட வாக்களிக்கவில்லை. பொருளாதாரம் படுத்துவிடும் என்று ஆரூடம் சொன்னார்கள். சரி, சாவியும் சிம்மாசனமும் சேர்ந்து அவர்கள் கையில் இருந்த காலத்தைப் பார்ப்போமே. 2003-இல் வரிக் குறைப்பு, இராக் போர், முதியோர் மருந்துத் திட்டம் மூன்றையும் ஒரே ஆண்டில் கடனில் நடத்தினார்கள். மருந்து மசோதாவுக்கு ஆள் தேறாமல், பிரதிநிதிகள் சபையில் விடிய விடிய ஏறக்குறைய மூன்று மணி நேரம் வாக்கெடுப்பை நீட்டிப் பிடித்தார்கள். போரை நடத்திக்கொண்டே வரியைக் குறைத்த கட்சிக்குக் கறார் என்ற பட்டம் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு இன்னும் விளங்காத மர்மம்.

ஜனநாயகக் கட்சியினர் மட்டும் யோக்கியமா? இல்லை. பைடனின் 2021 நிவாரணச் சட்டம் 1.9 லட்சம் கோடி டாலர், முழுக்கவே கடன். அவர் போகும்போது மொத்தக் கடன் 36 லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. ஆனால் அவர்கள் கழுத்தில் சிக்கனப் பதக்கம் எதுவும் தொங்கவில்லை. 2010-இன் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு வரியும் வெட்டும் சேர்த்தே நிதி தேடினார்கள். அதற்காக அடுத்த தேர்தலில் உதையும் வாங்கினார்கள். பதக்கத்தைப் போட்டுக்கொண்டு திரிபவரிடம்தானே ரசீது கேட்க முடியும்?

ரசீது ஒன்று இருக்கத்தான் செய்கிறது, பழையது. தாமே தயாரித்த பட்ஜெட்டில் உபரி காட்டிய கடைசிக் குடியரசுக் கட்சி அதிபர் ஐசனோவர், ஆண்டு 1960. அன்று வருமான வரியின் உச்ச விகிதம் 91 சதவீதம்.